செயல்திறன் எண்ணிகளை நிரலில் சேகரித்தலும் கணித்தலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் மென்பொருள் துறைக்குப் புதிதாக வரும் தமிழ் இளைஞர்கள், சேர்வர்களைக் கண்காணிக்கும் நிரல் எழுதும் பொறுப்பு முதன்முதலாகக் கைக்கு வரும்போது என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலானவை விண்டோஸ் பற்றியவை. ஆயினும் கணக்கு முறை லினக்ஸுக்கும் வலையமைப்புக் கருவிகளுக்கும் அப்படியே பொருந்தும்.

செயல்திறன் எண்ணி என்பது உண்மையில் எதைத் தருகிறது?

பெர்ஃபோமன்ஸ் கவுண்டர் என்று நாம் அன்றாடம் சொல்லும் செயல்திறன் எண்ணி, பெரும்பாலும் நாம் தேடும் விடையைத் தருவதில்லை. அந்த விடையைக் கணிப்பதற்கு வேண்டிய மூலப் பெறுமதியையே தருகிறது. வெள்ளவத்தையில் ஒரு வீட்டு வாசலில் பொருத்தியிருக்கும் மின்மானியை எண்ணிப் பாருங்கள். அதில் 18,462 என்று இருந்தால், அந்த வீட்டார் இந்த மாதம் எவ்வளவு மின்சாரம் பாவித்தார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. மானி வாசிப்பவர் சென்ற மாதம் குறித்துக்கொண்ட 18,350 என்ற வாசிப்பும் கையில் இருந்தால்தான் 112 அலகுகள் என்ற விடை பிறக்கும். இரண்டு வாசிப்புகளுக்கும் இடையே 30 நாட்களா 34 நாட்களா என்பதும் தெரிந்தால்தான் நாளொன்றுக்கான பாவனை தெரியும். செயல்திறன் எண்ணிகளில் மிகப் பலவும் இந்த மின்மானியைப் போலக் கணினி தொடங்கிய நேரத்திலிருந்து கூடிக்கொண்டே போகின்றவை. ஆகவே இரண்டு வாசிப்புகள், அவற்றுக்கு இடைப்பட்ட உண்மையான நேரம், அந்த எண்ணியின் வகைக்கு உரிய சூத்திரம் ஆகிய மூன்றும் இல்லாமல் சரியான எண் கிடைக்காது.

மைக்ரோசொஃப்டின் நிரலாக்கத் தளமான டொட் நெட்டில், எண்ணியின் கணித்த பெறுமதியைத் தரும் நெக்ஸ்ட்வேல்யூவை முதல்முறை அழைத்தால் ஏன் எப்போதும் பூச்சியம் வருகிறது?

மேலே சொன்னதே காரணம். வீதத்தைத் தரும் எண்ணி ஒன்றுக்கு முதல் அழைப்பின்போது ஒப்பிடுவதற்கு முந்தைய வாசிப்பு இல்லை. எனவே அது 0.0 என்று விடை சொல்லிவிட்டு, தான் வாசித்ததை அடுத்த அழைப்புக்காக வைத்துக்கொள்கிறது. இரண்டு அழைப்புகளுக்கும் இடையே குறைந்தது ஒரு செக்கன் இடைவெளி விடுமாறு மைக்ரோசொஃப்ட் ஆவணமும் கூறுகிறது. நான் திருத்திய நிரல்கள் பலவற்றில், ஒவ்வொரு சுற்றிலும் எண்ணிப் பொருளைப் புதிதாக உருவாக்கி, ஒருமுறை வாசித்து, அழித்துவிடும் வழக்கத்தைக் கண்டிருக்கிறேன். அப்படி எழுதினால் ஆண்டு முழுவதும் ஓடினாலும் பூச்சியத்தைத் தவிர வேறொன்றும் வராது. பொருளை ஒருமுறை உருவாக்கி, நிரல் ஓடும் காலம் முழுவதும் அதையே வைத்திருக்க வேண்டும். முதல் விடையைப் பதிவு செய்யாமல் விட்டுவிட வேண்டும்.

எல்லா எண்ணிகளுக்கும் ஒரே கணக்குத்தானா?

இல்லை. இந்தப் பக்கத்தில் மிக நிதானமாக வாசிக்க வேண்டிய பகுதி இதுவே. ஒவ்வொரு எண்ணிக்கும் ஒரு வகை உண்டு. சூத்திரத்தைத் தீர்மானிப்பது அந்த வகைதான்.

மிக எளியது, அந்தக் கணத்து நிலையைச் சொல்லும் எண்ணி. எஞ்சியுள்ள நினைவகம், வரிசையில் காத்திருக்கும் கோரிக்கைகளின் எண்ணிக்கை ஆகியவை இவ்வகை. இவற்றுக்கு ஒரு வாசிப்பே போதும்.

அடுத்தது செக்கனுக்கு எத்தனை என்னும் வீத எண்ணி. முதல் வாசிப்பு 84,210 என்றும் இரண்டாவது 84,930 என்றும் கொள்வோம், வேறுபாடு 720. நேரத்தை அளக்கும் துடிப்பு எண்ணி இதற்கிடையில் 10,240,000 கூடியிருக்கிறது. அதன் அதிர்வெண் செக்கனுக்கு 10,000,000. எனவே கழிந்த நேரம் 1.024 செக்கன், வீதம் 720ஐ 1.024 ஆல் வகுத்து வரும் 703.125. ‘ஒரு செக்கன் தூங்கச் சொன்னேன், ஆகவே ஒரு செக்கன்தான் கழிந்தது’ என்று நினைத்து 720 என்றே எழுதினால், ஒவ்வொரு வாசிப்பிலும் ஏறக்குறைய 2.4 சதவீதம் கூட்டிச் சொல்லிவிடுவோம். சேர்வர் நெருக்கடியில் இருக்கும்போது நமது த்ரெட், அதாவது நிரலுக்குள் தனியாக ஓடும் செயலோட்டம், எழும்புவது மேலும் தாமதிக்கும் என்பதால், சரியான எண் மிகவும் தேவைப்படுகிற அந்த நேரத்திலேயே பிழையும் பெரிதாகும்.

மூன்றாவது, சராசரி நேரத்தைத் தரும் எண்ணி. ஒரு வட்டு வாசிப்புக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்பது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இதில் இரண்டு மூலப் பெறுமதிகள் சோடியாக வரும்: செலவான மொத்தத் துடிப்புகள் ஒன்று, நடந்த செயல்களின் எண்ணிக்கை மற்றொன்று. இந்த இரண்டாவதை அடிப்படை எண்ணி என்பார்கள். துடிப்புகள் 3,600,000 கூடியிருக்கின்றன, செயல்கள் 45 கூடியிருக்கின்றன என்றால், 0.36 செக்கனை 45 ஆல் வகுத்து 8 மில்லிசெக்கன் என்ற விடை வரும். அந்த இடைவெளியில் ஒரு செயலும் நடக்காவிட்டால் வகுக்கும் எண் பூச்சியமாகிவிடும். அவ்வாறான வேளையில் 0 என்று பதிவு செய்யாதீர்கள். வட்டு மின்னல் வேகத்தில் இயங்கியது என்று பின்னர் பார்ப்பவர் நினைத்துவிடுவார். பெறுமதி இல்லை என்றே பதிவு செய்யுங்கள்.

சீபியூ சதவீதத்தை எப்படிக் கணிப்பது? சில வேளைகளில் 250 என்று வருகிறதே?

விண்டோஸில் புரொசசர் பிரிவில் உள்ள சதவீத எண்ணி தலைகீழ் வகையைச் சேர்ந்தது. அதன் மூலப் பெறுமதி சீபியூ வேலை செய்த நேரத்தைச் சொல்வதில்லை, சும்மா இருந்த நேரத்தையே சொல்கிறது. அலகு 100 நானோசெக்கன். 1.024 செக்கன் இடைவெளியில், அதாவது 10,240,000 அலகுகளில், அது 7,680,000 கூடியிருந்தால் சீபியூ 75 சதவீத நேரம் சும்மா இருந்திருக்கிறது. நூறிலிருந்து கழித்தால் வேலை 25 சதவீதம். மூலப் பெறுமதியை நேரடியாக எடுத்துத் தாமே கணிக்க முற்படுபவர்கள், நூறிலிருந்து கழிக்க மறந்து, ஓய்வாக இருக்கும் சேர்வரை நெருக்கடியில் இருப்பதாகக் காட்டிவிடுவது உண்டு.

புரொசெஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல், என்னும் பிரிவில் உள்ள எண்ணியோ நேரானது. அது ஒரு நிரலின் எல்லாத் த்ரெட்களும் எல்லாச் சீபியூக் கருக்களிலும் எடுத்த நேரத்தைக் கூட்டித் தருகிறது. நான்கு கருக்கள் உள்ள கணினியில் 10,240,000 அலகு இடைவெளிக்குள் ஒரு நிரல் 25,600,000 அலகுகள் வேலை செய்திருந்தால் 250 சதவீதம் என்றே வரும், அது பிழையன்று. முழுக் கணினியில் அதன் பங்கு எவ்வளவு என்பதே உங்கள் கேள்வியானால் 4 ஆல் வகுத்து 62.5 என்று கொள்ளுங்கள். விண்டோஸில் எண்ணிகளை வாசிக்க உதவும் பிடிஎச் நூலகத்தைப் பாவிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அந்த நூலகம் விடையை வடிவமைத்துத் தரும்போது வழக்கமாக 100க்கு மேற்பட்டதை 100 ஆகவே வெட்டிவிடும். வெட்ட வேண்டாம் என்று சொல்லும் கொடியை, நோகேப்100 என முடியும் பெயருடையதை, சேர்த்தால்தான் 250 வெளியே வரும்.

எத்தனை செக்கனுக்கு ஒருமுறை வாசிப்பது?

ஒரு செக்கனைவிடக் குறைந்த இடைவெளியில் வாசிக்காதீர்கள். விண்டோஸின் கடிகாரத் துடிப்பு இயல்பாக ஏறக்குறைய 15.6 மில்லிசெக்கன் என்பதால், மிகச் சிறிய இடைவெளியில் சதவீதங்கள் 0, 50, 100 என்று துள்ளும். நாள் முழுவதும் ஓடும் கண்காணிப்புக்கு 15 செக்கன் எனக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. குறிப்பிட்ட கோளாறு ஒன்றைத் துரத்தும்போது மட்டும் 1 செக்கனுக்கு இறக்குகிறேன்.

ஒவ்வொரு நிமிடத்துச் சராசரியும் என்னிடம் உண்டு. அவற்றின் சராசரியை எடுத்தால் அந்த மணிநேரத்தின் சராசரி வந்துவிடும் அல்லவா?

வராது. முதல் நிமிடத்தில் 10 கோரிக்கைகள் வந்து ஒவ்வொன்றும் சராசரியாக 900 மில்லிசெக்கன் எடுத்தன. அடுத்த நிமிடத்தில் 990 கோரிக்கைகள் வந்து சராசரியாக 100 மில்லிசெக்கன் எடுத்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சராசரிகளையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 500 வருகிறது. மொத்த நேரமான 108,000 மில்லிசெக்கனை 1,000 கோரிக்கைகளால் வகுத்தால் வருவதோ 108. பாவனையாளர் அனுபவித்தது இந்த 108தான். இதனால்தான் கணித்த விடையை மட்டும் சேமித்து மூலப் பெறுமதியை எறிந்துவிட வேண்டாம் என்று மன்றாடிச் சொல்கிறேன். மூலப் பெறுமதியும் அடிப்படை எண்ணியும் நேர முத்திரையும் இருந்தால், எந்த இரண்டு வாசிப்புகளுக்கும் இடையிலான சரியான சராசரியை எப்போது வேண்டுமானாலும் கணித்துக்கொள்ளலாம். டொட் நெட்டில் நெக்ஸ்ட்சாம்பிள் என்ற அழைப்பு மூல மாதிரியை அப்படியே தருகிறது. கவுண்டர்சாம்பிள் கட்டமைப்பின் கல்குலேட் அழைப்பு இரண்டு மாதிரிகளிலிருந்து விடையைக் கணித்துத் தருகிறது. பிடிஎச் நூலகத்திலும் மூலப் பெறுமதிகளிலிருந்து பின்னர் கணிக்கும் அழைப்பு தனியாக உண்டு. நெக்ஸ்ட்வேல்யூ வசதியானதுதான், சேமித்து வைப்பதற்கு அது உதவாது.

அதே நிரல், கொழும்பில் ஓடுகிறது. வெளிநாட்டு வாடிக்கையாளரின் சேர்வரில் எண்ணியைக் காணவில்லை என்கிறது. ஏன்?

விண்டோஸின் மொழியைப் பாருங்கள். எண்ணிகளின் பெயர்கள் அந்தந்த மொழிக்கு மாற்றப்பட்டிருக்கும். நான் முன்பு வேலை செய்த இடத்தில் ஜெர்மனியில் இருந்த ஒரு சேர்வருக்கு நாங்கள் எண்ணிகளை வாசித்து அனுப்பும் முகவர் நிரல் ஒன்றை அனுப்பினோம். வரைபடத்தில் மூன்று நாட்கள் ஒரே தட்டையான கோடு. சேர்வர் அமைதியாக இருக்கிறது என்று எல்லோரும் மகிழ்ந்தோம். நான்காம் நாள் வாடிக்கையாளர் தொலைபேசியில் அழைத்து, பக்கங்கள் திறக்கவே இல்லை என்றார். நிரலைத் திறந்து பார்த்தபோது, எண்ணி கிடைக்காத விதிவிலக்கைப் பிடித்து, சத்தமில்லாமல் 0 என்று எழுதும் ஒரு வரி இருந்தது. அந்த வரியை எழுதியவன் நானே. அன்றிலிருந்து, வாசிக்க முடியாமற் போனதையும் வாசித்துப் பூச்சியம் கண்டதையும் ஒரே எண்ணாக எழுதுவதை நான் எந்த நிரலிலும் அனுமதிப்பதில்லை.

தீர்வு எளிது. பிடிஎச் நூலகத்தில், விண்டோஸ் விஸ்டா முதல், ஆங்கிலப் பெயரைக் கொடுத்தால் எந்த மொழி விண்டோஸிலும் எண்ணியைச் சேர்த்துத் தரும் அழைப்பு உண்டு. புதிய நிரல்களில் அதையே பாவியுங்கள்.

ஒரே பெயரில் பல புரொசெஸ்கள் ஓடினால்?

இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் பெயருக்குப் பின்னால் #1, #2 என்று விண்டோஸ் சேர்த்துக்கொள்கிறது. ஆபத்து எங்கே என்றால், முதலாவது நின்றுபோனதும் #1 என்றிருந்தது இலக்கமில்லாத பெயருக்கு ஏறிவிடும், #2 என்றிருந்தது #1 ஆகிவிடும். உங்கள் நிரல் பெயரை மட்டும் நம்பினால், ஒரு புரொசெஸின் புதிய வாசிப்பிலிருந்து வேறொரு புரொசெஸின் பழைய வாசிப்பைக் கழித்துக்கொண்டிருக்கும். அதே பிரிவிலுள்ள புரொசெஸ் இலக்க எண்ணியையும் ஒவ்வொரு முறையும் சேர்த்து வாசித்து, இலக்கம் மாறியிருந்தால் அந்த வாசிப்புச் சோடியைக் கைவிடுங்கள்.

எண்ணி திடீரென முந்தைய வாசிப்பைவிடக் குறைந்துவிட்டால் என்ன செய்வது?

இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறியத்தான் வேண்டும். முதலாவது, எண்ணி நிரம்பி மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்குதல். 32 பிட் எண்ணியின் உச்சம் 4,294,967,295. பைட்களை எண்ணும் ஒரு வலையமைப்பு எண்ணி, 100 மெகாபிட் இணைப்பு முழு வேகத்தில் ஓடினால் ஆறு நிமிடத்துக்குள்ளும், ஒரு கிகாபிட் இணைப்பில் ஏறக்குறைய 34 செக்கனிலும் நிரம்பிவிடும். ஒருமுறை மட்டும் நிரம்பியிருந்தால், வேறுபாட்டுடன் 4,294,967,296ஐக் கூட்டினால் கணக்குச் சரியாகிவிடும். இரண்டு வாசிப்புகளுக்கிடையே இருமுறை நிரம்பியிருந்தால் அதைக் கண்டுபிடிக்கவே வழியில்லை. வலையமைப்புக் கருவிகளைக் கண்காணிக்கும் நெறிமுறையான எஸ்என்எம்பி மூலம் ரவுட்டர்களை வாசிப்பவர்கள் 64 பிட் எண்ணிகளைத் தெரிவு செய்ய வேண்டியது இதனால்தான்.

இரண்டாவது காரணம், கருவி மீளத் தொடங்குதல். 2022ஆம் ஆண்டு மின்வெட்டுக் காலத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காலி வீதிப் பக்கம் ஓர் அலுவலகத்தில், மின்சாரம் நின்று ஜெனரேட்டர் ஏற்றுக்கொள்ளும் இடைவெளியில் ரவுட்டர் ஒவ்வொரு நாளும் மீளத் தொடங்கிக்கொண்டிருந்தது. கடைசி வாசிப்பு 2,100,000,000. ஐந்து நிமிடத்துக்குப் பிறகு 40,000. கண்காணிப்பு நிரல் இதை நிரம்பிவழிதல் என்று எடுத்துக்கொண்டு, இடைவெளியில் 2,195,007,296 பைட்கள் போனதாகக் கணித்தது; அதாவது செக்கனுக்கு ஏறத்தாழ 58 மெகாபிட். அந்த அலுவலகத்தின் இணைப்பே 20 மெகாபிட்தான். வரைபடத்தில் நாள்தோறும் எழுந்த அந்தக் கோபுரங்களைப் பார்த்து யாரோ தரவைத் திருடுகிறார்கள் என்று பயந்து, இரண்டு பேர் ஓர் இரவு முழுவதும் விழித்திருந்தார்கள். கருவி எவ்வளவு நேரமாக இயங்குகிறது என்ற பெறுமதியையும் ஒவ்வொரு வாசிப்பிலும் சேர்த்து எடுத்தால் இந்தக் குழப்பம் வராது: அது குறைந்திருந்தால் மீளத் தொடங்கியிருக்கிறது, அந்தச் சோடியை விட்டுவிட வேண்டும். கூடவே, கணித்த வீதம் இணைப்பின் கொள்ளளவைத் தாண்டினால் அதை ஏற்காத ஒரு சோதனையையும் வையுங்கள்.

நேர முத்திரைக்கு இலங்கை நேரத்தைப் பாவிக்கலாமா?

சேமிப்பில் வேண்டாம், திரையில் காட்டும்போது மாற்றிக்கொள்ளுங்கள். இலங்கையில் கோடைகால நேரமாற்றம் இல்லையே, என்ன வந்துவிடப்போகிறது என்று கேட்பவர்களுக்கு: 1996 மே மாதத்தில் நமது நேரம் உலகப் பொது நேரமான யூடிசியைவிட ஆறரை மணித்தியாலம் முன்னதாகவும், அதே ஆண்டு ஒக்டோபரில் ஆறு மணித்தியாலம் முன்னதாகவும் மாற்றப்பட்டு, 2006 ஏப்ரலில்தான் மீண்டும் ஐந்தரைக்கு வந்தது. யூடிசியில் சேமித்தால் இவை எதுவும் உங்களைத் தொடாது.

இடைவெளியைக் கணிப்பது வேறு விடயம். அதற்குச் சுவர்க் கடிகார நேரத்தையே தொடாதீர்கள். வலையமைப்பு நேர ஒத்திசைவு அதை முன்னும் பின்னும் தள்ளக்கூடும். டொட் நெட்டின் ஸ்டொப்வொட்ச் வகுப்போ, மாதிரியுடன் வரும் துடிப்பு முத்திரையோதான் சரி. அண்மைய விண்டோஸ்களில் துடிப்பின் அதிர்வெண் பொதுவாகச் செக்கனுக்கு 10,000,000 என்று இருந்தாலும், அதை நிரலில் நேரடியாக எழுதிவிடாமல் இயங்குதளத்தையே கேட்டுப் பெறுங்கள்.

வாசிப்பதே சேர்வருக்குச் சுமை ஆகாதா?

ஆகலாம். புரொசெஸ், த்ரெட் பிரிவுகளில் இன்ஸ்டன்ஸ்கள், அதாவது ஓடும் ஒவ்வொன்றுக்கும் உரிய தனிப் பதிவுகள், மிகப் பல. டொட் நெட்டில் ஓர் எண்ணியைக் கேட்டாலும் பின்னணியில் அந்தப் பிரிவு முழுவதும் வாசிக்கப்படுவதால், பத்து எண்ணிகளைத் தனித்தனியாகக் கேட்டால் பத்துத் தடவை அதே வேலை நடக்கும். ரீட்கெற்றகரி அழைப்பால் ஒரே தடவையில் எடுத்துவிடலாம். பிடிஎச்சில் எல்லா எண்ணிகளையும் ஒரே வினவலில் சேர்த்து ஒருமுறை சேகரியுங்கள். சுமை குறைவது ஒரு பயன். எல்லா எண்களும் ஒரே கணத்துக்கு உரியவையாக இருப்பது அதைவிடப் பெரிய பயன்.

எமது சொந்த நிரலில் எண்ணி வைக்க விரும்பினால்?

விண்டோஸ் எண்ணிப் பிரிவை உருவாக்க நிர்வாகி உரிமை வேண்டும். ஆகவே அதை நிறுவும் நிரலில் செய்யுங்கள், ஓடும் நிரலில் செய்யாதீர்கள். சராசரி எண்ணியை வரையறுக்கும்போது, அதற்கு உரிய அடிப்படை எண்ணி பட்டியலில் அதற்கு அடுத்ததாகவே வர வேண்டும். பல த்ரெட்கள் ஒரே எண்ணைக் கூட்டும் இடத்தில் ஒன்றின் கூட்டலில் மற்றொன்று குறுக்கிடாமல் காக்கும் இன்டர்லொக்ட் கூட்டலைப் பாவியுங்கள். சாதாரணக் கூட்டல் எண்ணிக்கைகளை விழுங்கிவிடும்.

ஆனால் இன்று புதிதாகத் தொடங்குபவருக்கு இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். பெர்ஃபோமன்ஸ்கவுண்டர் வகுப்பு விண்டோஸில் மட்டுமே ஓடும். டொட் நெட் கோர் 3.0இல் ஈவென்ட்கவுண்டர்களும், டொட் நெட் 6இல் மெட்ரிக்ஸ் நூலகமும் வந்துவிட்டன. இவை லினக்ஸிலும் ஓடுகின்றன, டொட்நெட்-கவுண்டர்ஸ் என்ற கட்டளைக் கருவியால் உடனே பார்க்கவும் முடிகிறது.

லினக்ஸில் சீபியூவை நாமே கணிப்பது எப்படி?

ப்ரொக் அடைவில் உள்ள ஸ்டாட் கோப்பின் முதல் வரியை இருமுறை வாசித்து, அதிலுள்ள ஒவ்வொரு எண்ணின் வேறுபாட்டையும் எடுக்க வேண்டும். எண்கள் பொதுவாக ஒரு செக்கனின் நூறில் ஒரு பங்கு அலகில் இருக்கும். சும்மா இருந்த நேரத்தின் வேறுபாட்டை மொத்த வேறுபாட்டால் வகுத்து, ஒன்றிலிருந்து கழித்தால் போதும். இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். மெய்நிகர் விருந்தினருக்குக் கொடுத்த நேரம், அதாவது கெஸ்ட் எண், ஏற்கெனவே யூசர் எண்ணில் சேர்ந்திருக்கிறது. மொத்தத்தில் அதை மறுபடியும் கூட்டினால் இருமுறை எண்ணியதாகிவிடும். உள்ளீடு வெளியீட்டுக்காகக் காத்திருந்த நேரத்தைச் சொல்லும் ஐஓவெயிட் எண்ணோ, சில வேளைகளில் குறையவும் கூடும் என்று லினக்ஸ் கையேடே எச்சரிக்கிறது. அந்த எண்ணின் வேறுபாடு எதிர்மறையாக வந்தால் அந்தச் சோடியைப் பதிவு செய்யாமல் அடுத்த வாசிப்புக்குக் காத்திருங்கள்.